பழைய கம்ப்யூட்டரை விற்குமுன்: டிஸ்க்கை அழிப்பதா, உடைப்பதா, எடுத்து வைப்பதா?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. புதிய பதிப்பை ஏற்காத பழைய கம்ப்யூட்டர்களை என்ன செய்வது என்ற கேள்வி அதனால் பல சிறு அலுவலகங்களுக்கு வந்திருக்கிறது. பாளையங்கோட்டையில் ஓர் ஆடிட்டர் அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகத்தை ஒட்டிய ஒரு பத்திர எழுத்தரின் அறை, மேலப்பாளையத்தில் ஒரு பீடிக் கம்பெனியின் கணக்குப் பிரிவு, வண்ணார்பேட்டையில் ஒரு ஸ்டூடியோ, அம்பாசமுத்திரத்தில் ஒரு நகை அடகுக் கடை என்று எதை எடுத்துக்கொண்டாலும், சுவரோரமாக இரண்டு மூன்று பழைய பெட்டிகளாவது தூசி படிந்து கிடக்கும். அவற்றைப் பழைய கம்ப்யூட்டர் எடுக்கும் கடையில் போடலாம், ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கலாம், அக்காள் மகனுக்குப் படிக்கத் தரலாம். எங்கே போனாலும் பெட்டிக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கும் கூடவே போகிறது. அந்த டிஸ்க்கோடு வாடிக்கையாளர்களின் ஆதார் நகல், பான் எண், வங்கிக் கணக்கு விவரம், சொத்துப் பத்திரத்தின் வரைவு, கல்யாணப் படங்கள் எல்லாமே போகின்றன.

"எல்லாத்தையும் டெலீட் பண்ணித்தான கொடுக்கோம்" என்பதே பெரும்பாலோரின் பதிலாக இருக்கிறது. டெலீட் செய்த கோப்பு உண்மையில் எங்கே போகிறது என்பது தெரிந்துவிட்டால் இந்தப் பதிலில் உள்ள ஓட்டையும் தெரிந்துவிடும். ஆகவே அதை முதலில் சொல்லிவிட்டு, ஓர் அலுவலகத்தின் முன் இருக்கும் வழிகளை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஓடுகிற, சுழலும் தட்டு உள்ள டிஸ்க் என்றால் முழுவதையும் ஒருமுறை மேலெழுதினால் (பழையதன் மேல் வேறொன்றை எழுதினால்) போதும், சுழலும் தட்டு இல்லாமல் மெமரி சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி என்றால் அதற்குரிய கட்டளையைத்தான் நாட வேண்டும், ஓடாத டிஸ்க் என்றால் உடைப்பதைத் தவிர வேறு வழியில்லை. இவை மூன்றும் ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல என்பதை மறந்துவிடுவதால்தான் குழப்பம் வருகிறது.

டெலீட் பொத்தானை அழுத்தினால் நடப்பது

விண்டோஸ் 95-இலிருந்து நமக்குப் பழகிய ரீசைக்கிள் பின், கோப்பை அழிப்பதே இல்லை. அதே டிரைவில் மறைவாக உள்ள ஒரு ஃபோல்டருக்குள் கோப்பு வேறு பெயரில் சேர்க்கப்படுகிறது. முன்பு அது எந்த ஃபோல்டரில் இருந்தது, எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு நீக்கப்பட்டது என்ற விவரம் இன்னொரு சிறு கோப்பில் குறித்து வைக்கப்படுகிறது. அந்த விவரத்தை வைத்துத்தான் 'ரீஸ்டோர்' கொடுத்தவுடன் கோப்பு பழைய இடத்துக்கே திரும்பி வருகிறது.

ரீசைக்கிள் பின்னைக் காலி செய்த பிறகும் நிலைமை பெரிதாக மாறிவிடுவதில்லை. இன்றைய விண்டோஸ் டிரைவுகள் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் அமைப்பில், ஒவ்வொரு கோப்புக்கும் முதன்மைக் கோப்பு அட்டவணையில் ஒரு பதிவு இருக்கும். பொதுவாக அது 1,024 பைட் நீளமுள்ளது. கோப்பின் பெயர், அளவு, தேதிகள், அதன் உள்ளடக்கம் டிஸ்க்கில் எந்தெந்த இடங்களில் இருக்கிறது என்பவை அதில் எழுதப்பட்டிருக்கும். கோப்பை நீக்கும்போது இந்தப் பதிவில் 'இது இப்போது பயன்பாட்டில் இல்லை' என்ற அடையாளம் வைக்கப்படுகிறது. இன்னொரு பட்டியலில், அந்தக் கோப்பு பிடித்திருந்த இடங்கள் காலி என்று குறிக்கப்படுகின்றன. உள்ளடக்கத்தை யாரும் தொடுவதில்லை. பட்டாவில் பெயரை அடித்துவிட்டால் வயலில் நிற்கும் நெல் மறைந்துவிடாது; அடுத்தவர் வந்து உழுது நட்ட பிறகுதான் பழைய பயிரின் சுவடு போகும். டிஸ்க்கிலும் அப்படித்தான், புதிய கோப்பு ஒன்று அதே இடத்தில் எழுதப்படும்வரை பழையது அங்கேயே இருக்கிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சுமார் 700 பைட்டுக்குள் அடங்கும் மிகச் சிறிய கோப்புகளுக்கு என்டிஎஃப்எஸ் தனி இடம் ஒதுக்குவதில்லை. உள்ளடக்கத்தையே அட்டவணைப் பதிவுக்குள் வைத்துவிடும். நோட்பேடில் நாலு வரியாக எழுதி வைத்த வங்கி பாஸ்வேர்டோ, வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி தளக் கடவுச்சொல்லோ இந்த வகைதான். டிரைவின் காலியிடத்தை மட்டும் துடைக்கும் கருவி அட்டவணையைத் தொடாமல் விட்டால், பெரிய கோப்புகள் போய்விடும், இந்த நாலு வரி நின்றுவிடும்.

கேமரா மெமரி கார்டுகளிலும் பழைய பென் டிரைவுகளிலும் உள்ள ஃபேட் அமைப்பு இன்னும் எளிமையானது. கோப்பு நீக்கப்பட்டதும் அதன் பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் ஒரு தனிக் குறி எழுதப்படுகிறது. இடங்களின் சங்கிலித் தொடர் மட்டும் துடைக்கப்படுகிறது. டிஎஸ்சி என்று பெயர் தொடங்கும் கேமராப் படங்களை மீட்பு மென்பொருளில் பார்த்தால், முதல் எழுத்து மட்டும் காணாமல் மற்றதெல்லாம் அப்படியே வரிசையாக நிற்பதை ஸ்டூடியோக்காரர்கள் பார்த்திருப்பார்கள். தவறுதலாக அழிந்த கல்யாணப் படங்களை ஃபோட்டோரெக், ரெக்குவா போன்ற மென்பொருள்கள் மீட்டுத் தருவது, உள்ளடக்கம் அங்கேயே இருப்பதனால்தான். அப்படி மீட்க வேண்டியவர்கள் உடனே அந்தக் கார்டில் மேற்கொண்டு எதையும் எழுதாமல் எடுத்துவிட வேண்டும். மீட்ட படங்களையும் வேறொரு டிரைவில்தான் சேமிக்க வேண்டும். இன்று படத்தை மீட்டுக் கொடுத்த அதே மென்பொருள்தான், நாளை உங்கள் டிஸ்க்கை வாங்குகிறவர் கையிலும் இருக்கப்போகிறது. அது இலவசமாகக் கிடைப்பது. ஓட்டத் தனித் திறமை எதுவும் வேண்டாம்.

ஒரு கோப்பு ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்று நினைப்பதும் தவறு. வேர்டு எழுதும்போது உருவாகும் தற்காலிகக் கோப்புகள், படங்களின் சிறு உருவங்களைச் சேர்த்து வைக்கும் கேஷ், நினைவகம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் எழுதி வைக்கும் பேஜ் ஃபைல், கம்ப்யூட்டர் உறங்கும்போது நினைவகத்தை அப்படியே கொட்டி வைக்கும் ஹைபர்னேஷன் கோப்பு, சிஸ்டம் ரீஸ்டோருக்காக எடுக்கப்படும் நகல்கள் என்று ஒரே பத்திர வரைவு பல இடங்களில் துண்டு துண்டாகக் கிடக்கக்கூடும். 'இந்த ஒரு கோப்பை மட்டும் மீட்க முடியாதபடி அழிக்கிறேன்' என்று சொல்லும் கருவிகளை, டிஸ்க்கைக் கைமாற்றும் சமயத்தில் நான் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. கம்ப்யூட்டர் நம்மிடமே இருக்கும்போது ஏதோ ஒரு கோப்பை நீக்க அவை உதவலாம், அவ்வளவுதான்.

ஃபார்மட் செய்வது

பழைய கம்ப்யூட்டர் வாங்குகிற கடையில் "ஃபார்மட் அடிச்சாச்சு அண்ணாச்சி, உள்ள ஒண்ணும் இருக்காது" என்று சொல்வார்கள். சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அவருடைய கண்ணுக்கு டிரைவ் காலியாகத்தான் தெரிகிறது. ஆனால் ஃபார்மட் பெட்டியைத் திறந்து பார்த்தால் கீழே 'குவிக் ஃபார்மட்' என்ற கட்டத்தில் டிக் குறி முன்பே போடப்பட்டிருக்கும். அதை எடுக்காமல் 'ஸ்டார்ட்' கொடுத்தால் 500 ஜிபி டிரைவ் சில நொடிகளில் முடிந்துவிடும். அந்தச் சில நொடிகளே உண்மையைச் சொல்லிவிடுகின்றன: 500 ஜிபி இடத்தில் எழுத எந்த ஹார்ட் டிஸ்க்காலும் சில நொடி போதாது. நடந்தது, புதிய காலி அட்டவணை ஒன்று எழுதப்பட்டது மட்டுமே.

அந்த டிக் குறியை எடுத்துவிட்டுச் செய்யும் முழு ஃபார்மட் விண்டோஸ் விஸ்டாவிலிருந்து வேறு பொருளைப் பெற்றது. விஸ்டாவும் அதற்குப் பின் வந்த பதிப்புகளும் முழு ஃபார்மட்டின்போது டிரைவ் முழுவதும் பூஜ்யங்களை எழுதுகின்றன. விண்டோஸ் எக்ஸ்பி அப்படிச் செய்யவில்லை. கெட்டுப்போன செக்டர்கள் (டிஸ்க் பிரிக்கப்பட்டிருக்கும் சிறு சிறு கட்டங்கள்) இருக்கின்றனவா என்று வாசித்துப் பார்ப்பதோடு நின்றுவிட்டது. ஆகவே 'முழு ஃபார்மட் செய்தோம்' என்ற சொல்லின் மதிப்பு, எந்த விண்டோஸில் செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது. இன்றைய விண்டோஸில் டி, இ போன்ற டேட்டா டிரைவுகளுக்கு இது குறையில்லாத வழி. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் சி டிரைவை அதன் உள்ளிருந்தே ஃபார்மட் செய்ய முடியாது என்பதுதான் சிக்கல். 'ரீசெட் திஸ் பிசி' வழியில் போனால், கோப்புகளை மட்டும் நீக்குவதா, டிரைவையும் துடைப்பதா என்று தேர்வு வரும். இரண்டாவதைத் தேர்ந்தால் நேரம் அதிகம் பிடிக்கும். அந்த நேரத்தைக் கொடுக்கத்தான் வேண்டும்.

டெலீட்டையும் குவிக் ஃபார்மட்டையும் நம்பியவர்கள் நிலை என்ன என்பதை அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் ஆகிய இருவர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பழைய பொருள் சந்தையில் அவர்கள் வாங்கிய 158 டிஸ்க்குகளில் 129 வேலை செய்தன. அவற்றில் 12 மட்டுமே முறையாகத் துடைக்கப்பட்டிருந்தன. மற்றவற்றில் ஆயிரக்கணக்கான கிரெடிட் கார்டு எண்களும் மருத்துவக் குறிப்புகளும் கிடைத்தன. ஆய்வு பழையதுதான், ஆனால் அதில் விவரிக்கப்பட்ட டெலீட்டும் குவிக் ஃபார்மட்டும் இன்றைக்கும் ஹார்ட் டிஸ்க்கில் அதே வேலையைத்தான் செய்கின்றன.

முழு டிஸ்க்கையும் மேலெழுதுவது

சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு இதுவே என் முதல் தேர்வு. டிஸ்க்கின் முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர்வரை பூஜ்யமோ வேறு ஏதோ ஒன்றோ எழுதப்படுகிறது. அட்டவணை, பேஜ் ஃபைல், நோட்பேட் வரிகள், முன்பே நீக்கப்பட்ட கோப்புகளின் மிச்சம் என்று எந்த வேறுபாடும் இல்லாமல் எல்லாம் போய்விடும். டிஸ்க் கெடுவதில்லை, விற்கலாம், பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கலாம். செலவு மின்சாரமும் காத்திருப்பும்தான்.

எப்படிச் செய்வது என்பதில் மூன்று பாதைகள் உண்டு. டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் இணைத்து, விண்டோஸிலேயே உள்ள டிஸ்க்பார்ட் கட்டளையில் அந்த டிஸ்க்கைத் தேர்ந்து 'கிளீன் ஆல்' கொடுக்கலாம். இங்கே ஒரு சொல்லில் எல்லாமே மாறிவிடுகிறது: 'கிளீன்' மட்டும் என்றால் டிஸ்க்கை டிரைவுகளாகப் பிரித்த பார்ட்டிஷன் விவரம் மட்டும் நீங்கும், 'ஆல்' சேர்ந்தால்தான் ஒவ்வொரு செக்டரிலும் பூஜ்யம் எழுதப்படும். எந்த டிஸ்க்கைத் தேர்ந்திருக்கிறோம் என்பதை அளவைப் பார்த்து இரண்டு முறை சரிபார்க்காமல் இந்தக் கட்டளையைக் கொடுக்கவே கூடாது. அது 'நிச்சயமாகவா' என்று திருப்பிக் கேட்பதில்லை. லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு ஷ்ரெட், என்வைப் போன்றவை இருக்கின்றன. கழற்ற விருப்பமில்லாதவர்கள் பென் டிரைவிலிருந்து ஓடும் ஷ்ரெட்ஓஎஸ் போன்ற ஒன்றைப் போட்டுக் கம்ப்யூட்டரை இயக்கினால், உள்ளே இருக்கும் டிஸ்க்கையே துடைத்துவிடும்.

நேரத்தைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓரளவு பழைய டிஸ்க் சராசரியாக நொடிக்கு 100 எம்பி எழுதும் என்று வைத்துக்கொண்டால், 500 ஜிபி டிஸ்க்குக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். 1 டிபி என்றால் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதே 500 ஜிபி டிஸ்க்கைப் பழைய யுஎஸ்பி 2.0 அடாப்டரில் மாட்டிச் செய்தால் நான்கு மணி நேரத்தைத் தாண்டும். மின்தடை அறிவித்திருக்கும் நாளில் தொடங்காமல் இருப்பது நல்லது. பாதியில் நின்றால் முதலிலிருந்து ஓட்டிவிடுவதே நிம்மதி.

எத்தனை முறை எழுத வேண்டும் என்பதில் தேவையில்லாத பயம் இன்னும் இருக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் குட்மேன் 1996-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் 35 முறை எழுதும் ஒரு வரிசை இருந்தது. அதைப் பல மென்பொருள்கள் ஒரு தேர்வாகவே வைத்துவிட்டன. அந்த 35 முறையும் அன்று புழக்கத்தில் இருந்த பலவகைப் பழைய பதிவு முறைகள் அனைத்தையும் ஒருசேர மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டவை. ஒரே டிஸ்க்குக்கு அத்தனையும் தேவைப்பட்டதே இல்லை, இன்றைய டிஸ்க்குகளுக்கு அது பொருளற்றது என்று குட்மேனே பின்னர் விளக்கியிருக்கிறார். அமெரிக்க தேசியத் தரநிர்ணய நிறுவனம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், காந்தத் தட்டு உள்ள டிஸ்க்குக்கு ஒரு முறை மேலெழுதுவதே, ஆய்வுக்கூட முறைகளைக் கொண்டுகூடப் பழைய தகவலை மீட்க முடியாதபடி பெரும்பாலும் தடுத்துவிடும் என்றே சொல்கிறது. 500 ஜிபி டிஸ்க்கில் 35 முறை என்றால் இரண்டு நாள் இரவும் பகலும் ஓட வேண்டும். ஒரு முறை எழுதிவிட்டு, மிச்ச நேரத்தைச் சரிபார்ப்பதில் செலவிடுவதே மேல்.

இந்த வழிக்கும் ஒரு குறை உண்டு. டிஸ்க்கில் ஏதேனும் ஒரு செக்டர் தளர்ந்துபோனால், டிஸ்க்கே அதை ஒதுக்கிவிட்டு, இருப்பில் உள்ள வேறொரு செக்டரை அதன் இடத்தில் அமர்த்திக்கொள்ளும். ஒதுக்கப்பட்டதில் பழைய எழுத்து நின்றிருக்கலாம்; வெளியிலிருந்து எழுதும் மென்பொருளால் அதை எட்ட முடியாது. கிரிஸ்டல் டிஸ்க்இன்ஃபோ போன்ற ஒன்றில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்த்து, இடமாற்றப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தால் கவலையில்லை. எண்ணிக்கை கூடியிருந்தால் அந்த டிஸ்க்கை யாருக்கும் கொடுக்கவும் கூடாது; எப்படியும் நாளைக்குக் கெடப்போகிற டிஸ்க் அது.

எஸ்எஸ்டி: கணக்கே வேறு

மேலே சொன்னதையெல்லாம் அப்படியே எஸ்எஸ்டிக்குப் பொருத்துவதுதான் இப்போது அதிகம் நடக்கும் பிழை. எஸ்எஸ்டியில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் அந்தச் செல்கள் தேய்ந்துவிடும் என்பதால், உள்ளிருந்து அதை இயக்கும் கன்ட்ரோலர் சிப் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தைத் தேர்ந்து எழுதுகிறது. நாம் 'இந்தக் கோப்பின் மேல் எழுது' என்றாலும் அது புதிய இடத்தில்தான் போய் உட்காரும். பழையது இன்னொரு மூலையில் சிறிது காலம் இருக்கும். போதாக்குறைக்கு, அறிவித்த கொள்ளளவுக்கு மேல் ஒரு பகுதியைக் கன்ட்ரோலர் தன் சொந்தத் தேவைக்கு வைத்துக்கொள்கிறது. அந்தப் பகுதி நமக்குக் கண்ணில் படுவதே இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்து ஆய்வாளர்கள் 2011-இல் சோதித்துப் பார்த்தபோது, ஹார்ட் டிஸ்க்குக்காக உருவான, தனிக் கோப்பைத் துடைக்கும் முறைகளில் ஒன்றுகூட எஸ்எஸ்டியில் முழுமையாகப் பலிக்கவில்லை.

மறுபுறம், எஸ்எஸ்டியில் டெலீட் செய்தது மீளாமல் போவதும் உண்டு. விண்டோஸ் 7-இலிருந்து, கோப்பு நீக்கப்பட்டவுடன் 'இந்த இடங்கள் இனித் தேவையில்லை' என்று டிரைவுக்குத் தெரிவிக்கும் டிரிம் கட்டளை வழக்கத்தில் இருக்கிறது. அதைக் கேட்ட கன்ட்ரோலர் ஓய்வு நேரத்தில் அந்த இடங்களை உண்மையாகவே துடைத்துவிடும். அதனால்தான் ஹார்ட் டிஸ்க்கில் எளிதாக மீண்டுவந்த படம் எஸ்எஸ்டியில் வருவதில்லை. கன்ட்ரோலர் எப்போது துடைக்கும் என்பது நம் கையில் இல்லை என்பதால், மீட்க விரும்புகிறவருக்கும் அதை நம்ப முடியாது, அழிக்க விரும்புகிறவருக்கும் நம்ப முடியாது. இரண்டு பக்கத்துக்கும் உதவாத இடைநிலை அது.

எஸ்எஸ்டிக்கு உரிய வழி, கன்ட்ரோலரிடமே 'உன்னிடம் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடு' என்று சொல்வதுதான். சாட்டா என்ற இணைப்பு வகைக்கு 'செக்யூர் எரேஸ்', அதைவிட வேகமான என்விஎம்இ இணைப்பு வகைக்கு 'சானிடைஸ்' அல்லது 'ஃபார்மட்' என்ற கட்டளைகள் இருக்கின்றன. சாம்சங், வெஸ்டர்ன் டிஜிட்டல், சீகேட் போன்ற நிறுவனங்கள் தங்கள் டிரைவுகளுக்கென்று இலவச மென்பொருள் தருகின்றன. சில கம்ப்யூட்டர்களில், விண்டோஸ் தொடங்குமுன் வரும் பயாஸ் அமைப்பிலேயே இந்தத் தேர்வு இருக்கும். பல எஸ்எஸ்டிகளில் வேலை சில நொடியிலோ சில நிமிடத்திலோ முடிந்துவிடும். யுஎஸ்பி அடாப்டர் வழியாகக் கொடுத்தால் கட்டளை பெரும்பாலும் டிரைவைச் சென்றடையாது; மதர்போர்டில் நேரடியாக இணைத்துத்தான் செய்ய வேண்டும். சாட்டா ஹார்ட் டிஸ்க்குகளுக்கும் செக்யூர் எரேஸ் உண்டு. அங்கே அது மேலெழுதும் அளவுக்கே நேரம் எடுத்துக்கொள்ளும்.

முன்கூட்டியே பூட்டி வைப்பது

டிஸ்க் முழுவதையும் முதல் நாளிலிருந்தே குறியாக்கம் செய்து (திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி) வைத்திருந்தால், கைமாற்றும் நாளில் திறவுகோலை நீக்குவதே அழிப்பதற்குச் சமம். உள்ளே இருப்பது யாருக்கும் புரியாத எண் குவியலாகிவிடும். விண்டோஸின் புரோ பதிப்புகளில் உள்ள பிட்லாக்கர் இதற்கானது. ஹோம் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு வெராகிரிப்ட் உண்டு. டிஸ்க் ஒருநாள் திடீரென்று கெட்டுப்போனாலும், லேப்டாப்பே திருட்டுப் போனாலும் காப்பாற்றுவது இந்த வழி ஒன்றுதான் என்பதால், புதிதாக வாங்கும் கம்ப்யூட்டருக்கு இதைவிடச் சிறந்ததை நான் சொல்ல மாட்டேன்.

விற்கும் முந்தின நாள் பிட்லாக்கரைப் போடுகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'பயன்பாட்டில் உள்ள இடத்தை மட்டும்' என்றும் 'டிரைவ் முழுவதையும்' என்றும் இரண்டு தேர்வுகள் வரும். முதலாவது வேகமானது, ஆனால் முன்பே டெலீட் செய்த கோப்புகள் கிடக்கும் காலியிடத்தைத் தொடாமல் விட்டுவிடும். பயன்படுத்திய டிஸ்க்குக்கு இரண்டாவதையே எடுக்க வேண்டும். மீட்புத் திறவுகோலைத் தொலைத்தால் சொந்தக் கணக்கே கிடைக்காமல் போகும் என்பதால், அதை அச்சிட்டுப் பீரோவில் வைப்பதும் இந்த வழியின் ஒரு பகுதிதான்.

உடைப்பது

ஓடாத டிஸ்க்கில் எதையும் எழுத முடியாது. அதனாலேயே 'அதுதான் செத்துப்போச்சே' என்று இரும்புக் கடையில் எடை போட்டுவிடுகிறார்கள். செத்தது பெரும்பாலும் சர்க்யூட் போர்டோ, வாசிக்கும் ஹெட்டோ, மோட்டாரோதான். தட்டில் இருக்கும் காந்தப் பதிவு அப்படியே இருக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டு திருநெல்வேலி சந்திப்பிலும் கொக்கிரகுளத்திலும் தண்ணீர் புகுந்தபோது நனைந்த கம்ப்யூட்டர்களுக்கும் இது பொருந்தும். சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் காற்றழுத்தத்தைச் சமன்செய்ய ஒரு சிறு துளை இருக்கிறது. அதன் வழியாக வெள்ளமும் சகதியும் உள்ளே போகலாம், போர்டு துருப்பிடிக்கலாம். தண்ணீர் காந்தப் பதிவை அழிப்பதில்லை. முறையான ஆய்வுக்கூடத்தில் தட்டைக் கழுவிச் சுத்தம் செய்து தகவலை எடுக்க முடியும். இழந்த கணக்கை மீட்க நினைப்பவருக்கு இது நல்ல செய்தி, நனைந்த டிஸ்க்கைக் குப்பையில் போட்டவருக்கு அப்படியல்ல.

உடைப்பதென்றால் தட்டுவரை போக வேண்டும். மூடியைச் சுற்றியுள்ள நட்சத்திர வடிவ ஸ்க்ரூக்களைக் கழற்றினாலும் மூடி அசையாமல் நிற்பதுண்டு. ஸ்டிக்கருக்கு அடியில் ஒரு ஸ்க்ரூ மறைந்திருக்கும், விரலால் தடவினால் குழி தட்டுப்படும். உள்ளே கண்ணாடி போலப் பளபளக்கும் தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். மேசைக் கம்ப்யூட்டர் டிஸ்க்கில் அவை பெரும்பாலும் அலுமினியம். துளை போட்டு வளைத்துவிடலாம். லேப்டாப் டிஸ்க்கில் பெரும்பாலும் உண்மையான கண்ணாடியே. ஒரே அடியில் பொடியாகத் தெறிக்கும் என்பதால் கண்ணைக் காக்கும் கண்ணாடி இல்லாமலும், சாக்குப் பைக்குள் போடாமலும் அடிக்கக் கூடாது. மேலே போர்டில் மட்டும் சுத்தியலால் அடித்துவிட்டுத் திருப்தியடைவது வீண்வேலை. ஸ்பீக்கர் காந்தத்தை மேலே தேய்ப்பதும் அப்படியே. அதைவிட வலுவான நியோடிமியம் காந்தங்கள் அந்த டிஸ்க்குக்குள்ளேயே, தட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. எஸ்எஸ்டியை உடைப்பதென்றால் ஒவ்வொரு மெமரி சிப்பும் உடைய வேண்டும். ஒன்று தப்பினாலும் அதில் உள்ளது தப்பிவிடும்.

உடைத்ததைக் கொளுத்தவோ வாய்க்காலில் போடவோ கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் அது போய்ச் சேர வேண்டும்.

அழிக்காமல் எடுத்து வைப்பது

அழிக்கும் ஆர்வத்தில் மறந்துவிடும் வழி இது. ஜிஎஸ்டி சட்டப்படி, ஒரு வருடத்துக்குரிய கணக்குகளை அதன் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். கணக்கு வைத்திருந்த கம்ப்யூட்டரைத் துடைத்துவிட்டு, பிற்பாடு நோட்டீஸ் வந்தால் 'பழைய பெட்டியோடு போய்விட்டது' என்று சொல்ல முடியாது. டிஸ்க்கைக் கழற்றி, தேதி எழுதி, பீரோவில் பூட்டிவிட்டு, பெட்டியை டிஸ்க் இல்லாமல் விற்கலாம். விலை சற்றுக் குறையும். ஆனால் பீரோவில் இருக்கும் ஒற்றை டிஸ்க்கை நம்புவதும் சரியல்ல. பல வருடம் சும்மா கிடந்த டிஸ்க் ஒருநாள் சுழல மறுக்கலாம். தேவையான கோப்புகளை வேறு இரண்டு இடங்களில் பிரதி எடுத்து, அவை திறக்கின்றனவா என்று பார்த்த பிறகு பழையதைத் துடைப்பதே முறை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிற்கிறது. நோக்கம் முடிந்த தனிநபர் தகவலை வைத்திருக்கக் கூடாது என்கிறது அது. தகவலைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய்வரை போகலாம். வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லும் கணக்குக்கு இது தடையில்லை. கணக்கோடு சேர்ந்து காரணமில்லாமல் கிடக்கும் பழைய ஆதார் நகல்களுக்குத்தான் இடைஞ்சல்.

யாருக்கு எது

ஆடிட்டர் அலுவலகத்துக்கும் பத்திர எழுத்தருக்கும் என் பரிந்துரை, டிஸ்க்கைப் பெட்டியோடு விற்கவே வேண்டாம் என்பது. பிரதி எடுத்து, ஒருமுறை மேலெழுதி, பிறகு அதே டிஸ்க்கை அலுவலகத்திலேயே பேக்கப்புக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். விற்கும் பெட்டியில் சிறிய புதிய எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டுக் கொடுத்தால் வாங்குகிறவருக்கும் வேகமான கம்ப்யூட்டர் கிடைக்கும். ஸ்டூடியோக்களில் டிஸ்க்குகள் பெரியவை, எண்ணிக்கையும் அதிகம். கடை மூடும் நேரத்தில் ஓட்டிவிட்டுப் போனால் காலையில் முடிந்திருக்கும். பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பவர்கள் டிஸ்க்கை உடைத்துவிட்டு வெறும் பெட்டியைத் தருவது அங்கே யாருக்கும் பயன்படாது; மேலெழுதி, விண்டோஸோ லினக்ஸோ போட்டுத் தருவதுதான் கொடை. அக்காள் மகனுக்குத் தரும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு, டிரைவைத் துடைக்கும் தேர்வோடு 'ரீசெட்' செய்தாலே போதும். நனைந்தது, கிடுகிடு சத்தம் போடுவது, பயாஸில் தெரியாதது எல்லாம் உடைக்க வேண்டிய வரிசையில்.

எந்த வழியானாலும் சரிபார்க்காமல் முடிந்ததாகக் கொள்ள வேண்டாம். துடைத்த டிஸ்க்கை ஃபோட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருளில் கொடுத்துத் தேடச் சொன்னால், ஒரு கோப்புகூடக் கிடைக்கக் கூடாது. வேறொருவர் துடைத்துத் தருவதாகச் சொன்னால் உங்கள் கண்முன்னால் இந்தச் சோதனையை ஓட்டச் சொல்லலாம்.

கம்ப்யூட்டர் இல்லாத இடத்திலும் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. கடை வாசலைப் பார்க்கும் சிசிடிவியின் டிவிஆர் பெட்டியில் உள்ளது எல்லோருக்கும் தெரியும். அதைக் கழற்றி மேலே சொன்னபடியே துடைக்கலாம். பெரிய டிஜிட்டல் ஜெராக்ஸ் மெஷின்கள் பலவற்றிலும், நகல் எடுக்கும் பக்கங்களைத் தற்காலிகமாகச் சேமிக்க ஒரு டிஸ்க் இருப்பது பலருக்குத் தெரியாது. கோர்ட்டையும் பதிவு அலுவலகத்தையும் ஒட்டிய ஜெராக்ஸ் கடைகள் மெஷினை மாற்றும்போது, அதன் நிர்வாக மெனுவில் டிஸ்க்கை மேலெழுதும் தேர்வு இருக்கிறதா என்று சர்வீஸ்காரரிடம் கேட்டு ஓட்டச் சொல்ல வேண்டும். அந்தத் தேர்வு இல்லாத மெஷின் என்றால், டிஸ்க்கைக் கழற்றி வாங்கிக்கொண்ட பிறகே மெஷினை வண்டியில் ஏற்றவிட வேண்டும்.